நொட்டாங்கை கிளவுஸ்

ரெமிஜியூஸ் அண்ணன் சொல்லும் கதையை நயினார் பல வருஷங்களாகவே நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயமா, மரியாதையா, அல்லது அந்தக் கதையில் தன் பங்குக்கு விழுந்த சின்னத் துண்டும் கைவிட்டுப் போய்விடும் என்ற பதைப்பா என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறார். கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் வரும். இப்போது மூன்று மணி வெயிலில், உப்பளத்துக்குப் பக்கத்து மைதானத்தில், புதிதாகக் கட்டிய சுற்றுச்சுவரின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பதில்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. சுவர் வெள்ளையாக இருந்தது. கண் கூசும் வெள்ளை, கோடையில் பாத்தியில் பூத்த உப்பைப் போல. மேலே நீலப் பெயிண்டில் பெரிய எழுத்துகளில், பேஸ்பால், ஒரே இன்னிங்ஸ், ஒன்பது பேர், ஒன்பது ஹிட் என்று எழுதி முடித்தாயிற்று. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களும் வரிசையாக இறங்கிவிட்டன. இனிப் பெயர்கள்தான். பெயிண்டர் இசக்கிராஜ் ஸ்டூலில் ஏறி நின்று இரண்டாவது பெயரை எழுதிக்கொண்டிருந்தான். லோடு ஆட்டோவின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, முழங்காலைத் தடவியபடி ரெமிஜியூஸ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அணியின் கேப்டன். இன்றைக்கும் எல்லோருக்கும் கேப்டன்தான். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சில வருஷமாகிறது, ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் யாராவது ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

"ஒம்போது பேரும் வரிசையாவா அடிச்சீங்க? நடுவுல ஒருத்தர்கூட அவுட் ஆவலியா?" என்றான் இசக்கிராஜ், சுவரைப் பார்த்தபடி.

"ஒருத்தன்கூட இல்ல."

"டென்னிஸ் பால் கிரிக்கெட்டா சார்?"

"ஏலேய், பேஸ்பால்ல. மேல எழுதியிருக்கல்லா? நீதானல எழுதுன?"

"எழுதுறதை எல்லாம் வாசிச்சுக்கிட்டிருந்தா பொழப்பு நடக்குமா சார். நேத்து ஒரு கட்சிக்கு எழுதினேன். அதையும் வாசிக்கல, அதான் நிம்மதியா தூங்குனேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கதையைத் தொடங்கினார். தொடங்குவார் என்று நயினாருக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவார், எங்கே தொடையைத் தட்டுவார் என்பதும் தெரியும். "கடைசி இன்னிங்ஸ். ஆறு ஓட்டம் பின்னால கெடக்கோம். சோழவந்தான்காரனுவ கோப்பையத் தொடச்சு வச்சாச்சு. முதல் ஆளு ஜெபஸ்தியான் போறான், டப்புனு ஒண்ணு. ரெண்டாவது ஆளு, ஒண்ணு. இப்பிடியே எட்டுப் பேரு அடிச்சு சமமாக்கியாச்சு. கடைசி ஆளு யாரு? இந்தா நிக்கான்லா, நம்ம நயினாரு. தொட்டான் பாரு ஒரு தொடு. பந்து மேல போவுது, ரைட்டுல நிக்கவன் கீழ வந்துட்டான், பிடிச்சிருவான், நாங்க எல்லாரும் தலையில கைய வச்சுட்டோம். அந்நேரம் எழும்புச்சு பாரு கொண்டல் காத்து. பந்தை அப்பிடியே ஒரு முழம் தள்ளிப் போட்டுட்டுல்லா! கடலம்மை போட்ட பந்துல அது."

கடலம்மை போட்ட பந்து. வருஷா வருஷம் இதே வார்த்தை. கல்யாண வீட்டில், துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில், அண்ணனின் மகள் வேலைக்குப் போன விருந்தில். எட்டுப் பேர் அடித்தார்கள், ஒன்பதாவது பந்தைக் கடல் போட்டது. கேட்கிறவர்கள் நயினாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அன்பான சிரிப்புதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவரும் சிரிப்பார். ஆனால் அன்றைக்குக் காற்று இல்லை. இது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எடை மேடையில் உட்கார்ந்து உப்பு லாரிகளை நிறுத்துக் கொடுத்தே தலை நரைத்தவருக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். கொண்டல் எழும்பினால் பாத்தித் தண்ணீர் முதலில் சிலிர்க்கும், மாட்டின் முதுகுத் தோல் சிலிர்ப்பதைப் போல. அன்று காலை ஆட்டம். கடல் காற்று கரையேறுகிற நேரம் ஆகவில்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் பாத்திகளைப் பார்த்தார். உப்புக் குவியல்கள் தண்ணீரில் தலைகீழாக அசையாமல் நின்றன. கொடிக் கம்பத்தில் துணி ஈரத் துண்டு மாதிரித் தொங்கியது. அப்படியென்றால் பந்து ஏன் விழுந்தது? இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய நினைவு முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிப் போய், மறுபடியும் பாத்தி, மறுபடியும் கொடித் துணி, மறுபடியும் மட்டை என்று தொடங்கும். எத்தனை இரவுகள், எத்தனை பஸ் பயணங்கள், எத்தனை லாரிகள் தராசில் ஏறி இறங்கிய மத்தியானங்கள். செண்பகம் ஒருமுறை சொன்னாள்: "ஒரு அடி அடிச்சிட்டு ஆயுசு முழுக்க ஓடிக்கிட்டிருக்கீங்க. எந்த பேஸ்லயாவது கொஞ்சம் நிக்கக் கூடாதா?" மனைவி சொன்னதில் அதைவிடச் சரியான வாக்கியம் வேறு கிடையாது. ஆனால் அவளுக்கு ஒன்று தெரியாது. நிற்க வேண்டுமென்றால் முதலில் அது அடிதானா என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது பெயர் முடிந்து, நான்காவதற்கு இசக்கிராஜ் ஸ்டூலிலிருந்து இறங்கினான். நான்காவது ரெமிஜியூஸ் மச்சாது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் பெயர் எழுதப்படுவதைக் கூர்ந்து பார்த்தார், சவரக்கடைக் கண்ணாடியில் மீசையைப் பார்க்கிற மாதிரி. நயினார் தன் இடது கையைப் பார்த்தார். இந்தக் கையைத்தான் ஊரே திருத்தப் பார்த்தது. நொட்டாங்கையன் என்று பெயர். இலையில் இடது கை நீண்டால் அப்பாவின் அடி மணிக்கட்டில் விழும். ஒருமுறை அடித்த வேகத்தில் சாம்பார் வாளி கவிழ்ந்து, பந்தியே எழுந்து நின்றது. கோயிலில் திருநீறு வாங்க இந்தக் கை போனால் பூசாரி தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் எழுதவும் வலது கைதான். இப்போதும் அவர் எழுத்து யாரோ முதுகில் உட்கார்ந்துகொண்டு எழுதியதைப் போலிருக்கும். மட்டை பிடிக்கும்போது மட்டும் உடம்பு யாரையும் கேட்காமல் தானாகத் திரும்பி நின்றது. அப்போது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலிருந்து மாலுமிகள் இறங்கி இந்த மைதானத்தில் பேஸ்பால் ஆடுவார்கள். அண்ணனும் கூட்டாளிகளும் பந்து பொறுக்கிப் போடப் போய், ஆட்டத்தையே பொறுக்கிக்கொண்டு வந்தவர்கள். ஒருநாள் அண்ணன் கப்பலிலிருந்து ஒரு பொட்டலத்தோடு இறங்கி வந்தார். ஜப்பான்காரன் ஒருவன் கொடுத்தானாம், ஒரு கூடை பனங்கிழங்குக்கு மாற்றாக. "இந்தால, உனக்குத்தான். இது உலகத்துல முக்காவாசிப் பேருக்கு உதவாது" என்று மடியில் போட்டார். நொட்டாங்கைக்காரனுக்கான கிளவுஸ். எறிகிற கை இடது என்றால் கிளவுஸ் வலது கையில் ஏறவேண்டும். எல்லா கிளவுஸும் இடது கைக்குத்தான் வரும், அவற்றை மாட்டிக்கொண்டு நயினார் பிடித்த பந்தை எறியத் தெரியாமல் அதுவரை முழித்துக்கொண்டு நின்றவர். அன்று வலது கையை உள்ளே நுழைத்தபோது ஒவ்வொரு விரலும் தனக்கென்று இருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தது. தோலும் எண்ணெயும் யாரோ ஒரு அந்நியனின் வியர்வையும் சேர்ந்த வாசனை. உலகத்தில் எங்கேயோ, கடலுக்கு அந்தப் பக்கம், இந்தக் கையைத் தப்பென்று நினைக்காத ஒருவன் உட்கார்ந்து இதைத் தைத்திருக்கிறான். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டவில்லை.

"மச்சாதுல துணைக்கால் இருக்கட்டும்ல, விட்டுறாத" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

"உங்க பேரை எழுதி முடிக்கிறதுக்குள்ள பெயிண்ட் டப்பா காலியாயிரும் போலிருக்கு. ரெமின்னு மட்டும் போட்ருவமா?"

"போடுவ போடுவ. எங்க அப்பன் மாதா கோயில்ல தண்ணி ஊத்தி வச்ச பேருல. முழுசா எழுது."

கிளவுஸ் எல்லோருக்கும் பஞ்சம். இரண்டு அணிக்கும் சேர்த்தே ஒரு செட்தான் தேறும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. பந்து பிடிக்கும் முறை முடிந்து மட்டை பிடிக்கப் போகும்போது, அவரவர் நின்ற இடத்திலேயே கிளவுஸைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வர வேண்டும். எதிரணியில் அந்த இடத்துக்கு வருகிறவன் அதை எடுத்து மாட்டிக்கொள்வான். எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது, யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதும் கிடையாது. சோழவந்தான் அணியில் தவசிமுத்து என்று ஒருவன், மெலிந்து உயரமாக, ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன். அவனும் நொட்டாங்கை. அவனும் ரைட் ஃபீல்ட், மைதானத்தின் வலது ஓரம். அதனால் அந்த ஜப்பான் கிளவுஸ் அன்று முழுவதும் அவர்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைக்கப்பட்டு, எடுக்கப்பட்டு, மறுபடியும் வைக்கப்பட்டது. நயினார் கையை நுழைக்கும்போது உள்ளே தவசியின் சூடு இருக்கும். விரல் அறைகள் ஈரமாக இருக்கும். தன்னைப் போலவே இலை முன்னால் அடி வாங்கிய இன்னொருவனின் கைச்சூடு. ஒருவரையொருவர் கடக்கும்போது இருவரும் தலையை லேசாக அசைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சிநேகம். அந்த மாதிரி ஒரு சிநேகம் பிறகு யாரோடும் வாய்க்கவில்லை என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். கடைசி இன்னிங்ஸுக்கு முன்னால், ஆறு ஓட்டம் பின்தங்கிய வெறுப்பில், நயினார் கிளவுஸைக் கழற்றி மண்ணில் உள்ளங்கைப் பக்கம் கவிழ்த்து வைத்தார். வைத்தார். இதில் சந்தேகமே இல்லை. கவிழ்த்து வைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது, வெயில் பட்டு உள்ளே கொதிக்கக் கூடாதென்று. அப்போது சுண்டுவிரல் பக்கத்துத் தோல்வார் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆடிவிடலாம், பெரிய பழுதில்லை.

பிறகு அந்த இன்னிங்ஸ். பேஸ்பாலில் நல்ல ஆட்டக்காரன்கூடப் பத்து முறை மட்டையைத் தூக்கினால் ஏழு முறை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புகிறவன். அந்த ஆட்டத்தின் சுபாவமே தோற்பதுதான். அதில் ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர், யாரும் அவுட் ஆகாமல், பந்தை ஆளில்லாத இடமாகப் பார்த்து அனுப்பினால் அது கடைசியில் ஆட்டம் மாதிரியே இருக்கவில்லை, ஏதோ காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டு வருவது மாதிரி இருந்தது. காய்ச்சல் நெருங்க நெருங்க நயினாருக்குக் கைகால் குளிர்ந்தது. எட்டாவது ஆள் காசிலிங்கம் அடித்து, ஓட்டம் சமமாகி, இரண்டாவது பேஸில் ஒருவன் நிற்கிறான். அவர் அவுட் ஆகியிருந்தாலும் அணி ஜெயித்திருக்கும். அடுத்து மறுபடியும் ஜெபஸ்தியான்தான், அவன் விடமாட்டான். கோப்பை எப்படியும் வந்திருக்கும், இந்தச் சுவர்தான் வந்திருக்காது. அவருடைய அடியால் அணிக்கு ஆனது ஒன்றுமில்லை, வரிசைக்கு ஆனதுதான் எல்லாம். இதை அவர் சமீபத்தில்தான் யோசித்தார். எடை மேடையில் லாரி வராத நேரத்தில் மகன் வாங்கிக் கொடுத்த போனில் அமெரிக்கப் பேஸ்பால் கணக்குகளைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. நாலு பேர் அடுத்தடுத்து பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிய அணிகள். ஒரே ஆட்டத்தில் முப்பது ஓட்டம் எடுத்த அணி. பதினொரு பேர் தொடர்ந்து ஹிட் அடித்த அணி. படிக்கும்போதெல்லாம் அவர் மனம் அந்த வரிசையின் முதல் ஆளிடமும் போகாது, பெரிய ஆட்டக்காரனிடமும் போகாது. வரிசையின் பலவீனமான கண்ணி எவனோ அவனைத் தேடும். அவன் எப்படி இருந்தான்? ஐம்பது வயதில் அவனுக்குத் தூக்கம் வந்ததா? அவனுக்கு முன்னால் நின்ற பிடிக்கிறவனின் கையில் கிளவுஸ் இருந்ததா?

"நயினாரு, என்னல பேயடிச்ச மாதிரி நிக்க?" என்றார் அண்ணன். "சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு சுவரைத் திறந்து வைக்கப் போறது யாருன்னு நினைக்க?"

"கவுன்சிலரு வாராருன்னு சொன்னீங்க."

"அவரு கெடக்காரு. தவசி வாரான்ல! ரைட்டுல நின்னாம்லா, சோழவந்தான் தவசி. தேடிப் பிடிச்சு போன் போட்டேன். நெல் அறுக்கிற மெஷின் வாடகைக்கு விடுறானாம், ஜோரா இருக்கான். வாரியாடேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு, வாரேன்னுட்டான்."

சுவரில் அப்போது ஆறாவது பெயர். இசக்கிராஜின் தூரிகை மேலிருந்து கீழே இறங்கி வளைந்து ஏறும் சின்னச் சத்தம், நாய் தண்ணீர் குடிப்பதைப் போல, அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் தவசி எதை யோசித்தான்? நாளை அவன் வந்து இந்தச் சுவரின் முன்னால் நிற்பான். ரிப்பனை எந்தக் கையால் வெட்டுவான்? இடது கையால்தான். அவன் கண் மேலிருந்து இறங்கி ஒன்பதாவது பெயரில் நிற்கும். நயினார் பக்கத்தில் நிற்பார். தலையை லேசாக அசைத்துக்கொள்வார்களா? வேண்டாம், காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம், செண்பகத்திடம் சொல்லி கஷாயம் வைக்கச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த உடனே அதன் மீது காறித் துப்பவேண்டும் போல ஒரு கோபம் வந்தது. எதற்குப் படுக்க வேண்டும்? அடித்தவர் அவர். அந்தப் பந்து வந்த விதம் இப்போதும் உள்ளங்கைக்குள் இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில், கொஞ்சம் மெதுவாக, தையல் சுழல்வது தெரியும்படி வந்தது. மட்டையில் பட்டபோது கையில் அதிர்வே இல்லை. சரியாகப் பட்டால் அப்படித்தான், ஒன்றுமே படாத மாதிரி இருக்கும். அதைத் தொடு என்கிறார் அண்ணன். கடலம்மை என்கிறார். ஆயுசு முழுக்க லாரி எடையைக் கிலோ பிசகாமல் சொன்ன மனுஷன், அந்த ஒரு பந்தின் கனத்தை மட்டும் அடுத்தவர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினார். ஓடும்போது தலையைத் திருப்பக் கூடாது என்று சொல்லித்தந்திருந்தார்கள், ஆனாலும் திருப்பினார். தவசி முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் சேர்த்து, பிரசாதம் வாங்குகிறவனைப் போல ஏந்திக்கொண்டு. பந்து அந்தக் கைகளுக்குள் விழுந்து வெளியே குதித்தது. இதுதான் அவர் கண்ட காட்சி, ஒரு கணம்தான். அதற்குப் பிறகு கூச்சல், தூக்கிப் போட்டது, மண், யாரோ வாயில் சர்க்கரையைத் திணித்தது. கணக்கு எழுதினவர், பிடிக்கிறவனின் பிழை என்று எழுதாமல், ஹிட் என்று எழுதினார், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஏந்திய கைகள். கிளவுஸ் மாட்டியவன் கையை அப்படி ஏந்தமாட்டான். எத்தனையோ தடவை இதை யோசித்து, வேகத்தில் கண் ஏமாற்றியிருக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார். ஒதுக்கினால் அடுத்தது வந்து நிற்கும். அவர் மட்டை பிடிக்கக் காத்திருந்தபோது தவசி தூரத்தில் கிளவுஸ் ஏறவேண்டிய வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றான். வெயிலுக்கு மறைக்கிறான் என்று நினைத்தார். வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. யாருக்குக் காட்டினான்? அதையும் ஒதுக்கினால் அடுத்தது. எல்லாம் முடிந்து கலையும்போது தவசி தேடி வந்து, அன்று பேசிய ஒரே பேச்சாக, "நல்லா அடிச்சப்பா" என்று இடது கையை நீட்டினான். நொட்டாங்கையும் நொட்டாங்கையும் குலுக்கிக்கொள்வதென்று பூரித்துப்போய் நயினாரும் இடது கையைக் கொடுத்தார். எத்தனை வருஷம் அந்தக் கைகுலுக்கலைப் பொன்னாக வைத்துப் பூட்டியிருந்தார்! போன மாசம் லாரிக் கதவில் கை நசுங்கிய கிளீனர் ஒருவன் கட்டுப் போட்ட வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் எடைச் சீட்டை வாங்கினான். அந்த நொடியில்தான் பூட்டு திறந்துகொண்டது. தவசியின் வலது கை அன்று எங்கே இருந்தது? முதுகுக்குப் பின்னால். வெறுங்கையில் அந்தக் கல்லுப் பந்தை வாங்கிய கை. வீங்கியிருக்கும். அதைக் காட்டாமல் மறைத்துக்கொண்டு, நல்லா அடிச்சப்பா என்றிருக்கிறான்.

ஆக, கிளவுஸ் இல்லை. இல்லையென்றால் எங்கே போனது? அதுவும் தெரியும். தெரிந்தே இத்தனை வருஷம் அதன் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணன் தன் பையைத் திறந்து, "இந்தால, உன் சொத்து" என்று அதை எடுத்துக் கொடுத்தார். ரைட் ஃபீல்டில் தவசியின் கையில் இருந்திருக்க வேண்டியது அண்ணனின் பையிலிருந்து வந்தது. அறுந்த தோல்வாருக்குப் பதிலாக, பச்சை நிற வலைநூலில் அழகான முடிச்சு. கப்பலையே கட்டுகிற கை போட்ட முடிச்சு, இன்றுவரை தளரவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு எடுத்துக் கட்டியிருக்கலாம். இருக்கலாம். அந்தக் கூச்சலில், தோளில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது, பச்சை நூலைத் தேடி யார் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள்? இல்லை, இன்னிங்ஸ் நடக்கும்போதே, பெஞ்சில் வைத்து. அப்படியென்றால் தொடக்கத்திலேயே கிளவுஸ் பெஞ்சுக்கு வந்துவிட்டது. பக்கத்து சென்டர் ஃபீல்டில் நின்ற அண்ணன் திரும்பி வரும் வழியில் குனிந்து எடுத்திருக்கிறார். பழுது பார்க்கத்தானே? நல்ல மனசோடுதானே? பழுது பார்க்கிறவர் தவசியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நினைவு இங்கேயும் முட்டியது. ஆனால் இந்தத் தடவை அது வந்த வழியே திரும்பவில்லை, முட்டிய இடத்திலேயே நின்று தள்ளியது.

"அடுத்தது கடைசிப் பேருல்லா?" இசக்கிராஜ் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். காசிலிங்கத்தின் பெயர் ஈரமாக மினுங்கியது. "சார், உங்க இனிஷியல் என்ன?"

நயினார் சுவரிடம் போனார். ஒன்பது என்ற எண்ணுக்குப் பக்கத்து வெள்ளையில் தன் இடது உள்ளங்கையை விரித்து வைத்தார். சுவர் சுட்டது. எடுக்கவில்லை.

"சார், கைய எடுங்க. கறை ஆயிரும்."

"கொஞ்சம் நில்லுப்பா." அவர் அண்ணனின் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்தப் பச்சை நூலை எப்பக் கட்டுனீங்க?"

"எந்தப் பச்சை நூலு?"

"என் கிளவுஸ்ல."

அண்ணன் முழங்காலைத் தடவுவதை நிறுத்தினார். கடலிலிருந்து நிஜமாகவே கொண்டல் எழும்பி, இசக்கிராஜ் தரையில் விரித்திருந்த செய்தித்தாளைப் படபடக்க வைத்தது. "பாத்தியா, இந்தக் காத்துதான் அன்னைக்கு" என்று அண்ணன் தொடங்கினார்.

"காத்து இல்ல அண்ணே அன்னைக்கு. நூலைச் சொல்லுங்க."

"அந்துபோய்க் கெடந்துச்சுல்லா. நான் அடிச்சு ஓடி முடிச்சிட்டு வந்து, பெஞ்சுல சும்மாதானே இருந்தேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சுவரைப் பார்த்தார், பிறகு கடல் பக்கம் பார்த்தார். குரல் மாறி வந்தது. "இப்ப என்னல அதுக்கு? கிளவுஸ் யாருது? நம்மது. அவனுக்குக் கொடுக்கணும்னு சட்டமா? வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

"ரூல்ல இல்லதான்."

"பிறகென்ன? ஏல, ஆறு ஓட்டம் பின்னால நிக்கோம். எடுக்கணும்னா உன் முறை வந்தே தீரும். நீ மட்டையில பட்டா ரைட்டுக்குத்தான் அடிப்ப, வேற பக்கம் உனக்குப் போவாது. அதை யாரு பாக்கணும், கேப்டன்தானே பாக்கணும்? மத்தவனுவளைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. உன்னை நினைச்சுத்தான்ல செஞ்சேன். உனக்காகத்தான் செஞ்சேன். நாளைக்கு அவன்ட்ட ஒரு வார்த்தை மன்னிப்பாவும் சொல்லிரலாம்னுதானே கூப்பிட்டேன். நீ எதுக்கு இதைப் போட்டுக் கிண்டுத?"

உனக்காக. பனங்கிழங்கைக் கொடுத்து கிளவுஸை வாங்கியதும் உனக்காக, அதைத் தரையிலிருந்து எடுத்து ஒளித்ததும் உனக்காக. இரண்டும் ஒரே கை. அந்தக் கையை நயினார் வெறுக்க முயன்றார், முடியவில்லை. ஆனால் நன்றியும் வரவில்லை. தவசி கிளவுஸோடு நின்றிருந்தால் பிடித்திருப்பான். அல்லது பிடித்திருக்க மாட்டான், பந்து அவன் விரல் நுனிக்கு முன்னால் தரையைத் தொட்டிருக்கும். பிடித்திருந்தால் நயினார் அவுட், எல்லோரையும் போல, பத்தில் ஏழு முறை எல்லோரும் ஆகிறபடி. அந்த அவுட் அவருடையதாக இருந்திருக்கும். பிடிக்காமல் போயிருந்தால் அந்த ஹிட் அவருடையதாக இருந்திருக்கும். இப்போது இரண்டில் எதுவும் அவருடையது இல்லை. நாளை தவசியிடம் அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிடலாம், தவசி சிரித்து ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம், அவனிடமிருந்து எடுத்தது ஒரு கிளவுஸ்தான். நயினாரிடமிருந்து எடுத்ததை யார் எங்கே போய்த் திருப்பித் தருவது? உள்ளங்கை சுவரில் எரிந்தது. இசக்கிராஜ் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நுனியிலிருந்து ஒரு நீலச் சொட்டு மண்ணில் விழுந்தது.

"எழுதச் சொல்லட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லித் தொலைல" என்றார் அண்ணன், எழுந்து நிற்க முயன்றபடி.

நயினார் கையை எடுக்கவில்லை.

"எட்டுப் பேரும் அவுட் ஆகாம அடிச்சு என் முறை வரும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்புன மனுசன், என்னை மட்டும் ஏன் அண்ணே நம்பல?"